பெரம்பலூருக்குப் போன வெள்ளைக் காளை

பெரம்பலூர்,
சர்வதாரி வருடம், வைகாசி 20

தம்பி பஞ்சநாதனுக்கு அக்காள் சிந்தாமணி எழுதுவது.

நலம் விசாரிக்கிற பொறுமை இன்று எனக்கில்லை. கண்ணகிக்கு இடம் அமைந்துவிட்டது! மாப்பிள்ளை பெயர் பாலசுந்தரம். திருச்சியில் ஆபீஸ் உத்தியோகம். சொந்த ஊர் உடையார்பாளையத்துக்குப் பக்கம். தகப்பனார் அய்யாக்கண்ணு, நிலபுலன் உள்ளவர். நம் சித்தப்பா மகன் இளையபெருமாள்தான் நடுவில் நின்று பேசி முடித்தான். ஆனி பதினெட்டாம் தேதி நம் வீட்டில் தட்டு மாற்றுகிறோம். ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் நீ மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வந்தால்தான் என் பெண் மணையில் உட்காருவாள். கடையைக் காரணம் காட்டாதே, இப்போதே சொல்லிவிட்டேன்.

இன்னொரு சங்கதி. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை பேச்சோடு பேச்சாக, அவருடைய ஆபீஸர் வீட்டு நிச்சயத்தில் கேக் வெட்டினார்கள், ரொம்ப நன்றாக இருந்தது என்றார். உன் மாமா திருதிருவென்று விழித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "கேக்குதான? எந் தம்பி செய்வான். அரியலூர்ல ரயிலடிக்கு எதுக்கவே கடை வெச்சிருக்கான்" என்றேன். இத்தனை நாளும் உன் தொழிலை யார் கேட்டாலும் 'வியாபாரம்' என்று சொல்லி மழுப்பி வந்தவள் நான். ரொட்டி சுடுகிறவன் என்றால் இந்த ஊர் எப்படிச் சிரிக்கும் என்று உனக்கே தெரியும். அன்றைக்கு வாய் கூசாமல் சொன்னேன்.

சம்பந்தி வீட்டில் சங்கு என்று ஒரு வெள்ளைக் காளை இருக்கிறது. மாட்டுச் சந்தையில் முதல் பரிசு வாங்கியது. அய்யாக்கண்ணு ஐயாவுக்கு அது பெற்ற பிள்ளைக்கு மேல். போட்டோ பிடித்துச் சாமி படங்களோடு கூடத்தில் மாட்டியிருக்கிறாராம். அந்தப் போட்டோவின் இன்னொரு பிரதியை இளையபெருமாளிடம் சொல்லி வாங்கிவிட்டேன், இத்துடன் வருகிறது. இந்தக் காளையை அப்படியே கேக்காகச் செய்து எடுத்து வா. கொம்பு, திமில், கழுத்துச் சலங்கை ஒன்றும் குறையக் கூடாது. அவர்கள் வாய் பிளந்து நிற்க வேண்டும்.

உன் அக்காள்
சிந்தாமணி

*

அரியலூர்,
வைகாசி 24

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்க, உன் தம்பி பெண்டாட்டி தனம் அடுப்பில் இருந்ததை மறந்துபோனாள். ஒரு தட்டு ரொட்டி கரியாகிவிட்டது. "நல்ல சேதி வந்தா இப்புடித்தாங்க எதாச்சும் தீயும்" என்று அவளே ஒரு சாஸ்திரம் சொல்லிச் சமாளித்தாள். மாலை போட நான் வராமல் வேறு யார் வருவார்? கண்ணகியைத் தூக்கிக்கொண்டு திரிந்த தோள் இது.

போட்டோவைப் பார்த்தேன். ராஜா மாதிரி நிற்கிறது. எனக்கும் எதையாவது கண்ணால் பார்த்தால்தான் கை ஓடும். இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் மகள் பிறந்தநாளுக்கு அவள் பாவாடைக் கரையைப் பார்த்து கேக்கின் மேல் மாங்காய் போட்டுக் கொடுத்தேன். ஏலாக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குக் கோயில் கோபுரத்தையே செய்து வைத்தேன். அவர்கள் கோபுரத்தைத் தொடவேயில்லை, அடியில் இருந்த படிக்கட்டை மட்டும் வெட்டித் தின்றார்கள். எறும்பு வருகிற வரைக்கும் கோபுரம் அலமாரியில் இருந்ததாம்.

ஆனால் ஆடு மாடு இதுவரை செய்ததில்லை, அக்கா. எனக்கு ஒரு யோசனை. கண்ணகியின் அரக்குச் சேலைத் தலைப்பில் பூத்த தாமரை ஒன்று வரும் அல்லவா? அதைப் பார்த்து ஒரு பெரிய தாமரை செய்கிறேன். இதழ் இதழாகப் பிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடலாம், கத்திகூட வேண்டாம். நிச்சயத்துக்கு லட்சணமாகவும் இருக்கும். சர்க்கரைக் கண்ட்ரோல் போய் இப்போதுதான் சர்க்கரை கண்ணில் படுகிறது. நினைத்த அளவுக்குச் செய்யலாம். நல்ல காரியம் என்பதால் முட்டை சேர்க்க மாட்டேன், தயிர் விட்டுச் சுடுகிறேன்.

காளைதான் வேண்டும் என்றால் அதையும் செய்கிறேன். ஆனால் நாலு காலில் நிற்காது. கேக்கில் செய்த கால் அந்த உடம்பைத் தாங்காது. படுத்து அசை போடுகிற மாதிரிதான் செய்ய முடியும். எது வேண்டும் என்று ஒரு வரி எழுது.

தம்பி
பஞ்சநாதன்

*

பெரம்பலூர்,
வைகாசி 28

தம்பிக்கு,

தாமரை குளத்தில் இருக்கட்டும். தாமரை எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிறது, அதைப் பார்த்து யார் அசந்து போவார்? எனக்குக் காளைதான் வேண்டும். நிற்கவில்லை என்றால் படுக்கட்டும். சம்பந்தி வீட்டார் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லும்படி இருக்க வேண்டும். அக்காள் ஒன்று கேட்டால் ஒன்பது யோசனை சொல்லாதே.

சிந்தாமணி

*

அரியலூர்,
ஆனி 19

அக்கா,

இவ்விடம் சேமம் என்று எழுத வரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். கொல்லைப்பக்கமாக வெளியேறி, செருப்பைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினேன். தனம் என் வெறுங்காலைப் பார்த்துத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. பஸ்ஸில் மடியில் வைத்து ஆடாமல் கொண்டுவந்து கூடத்தில் இறக்கித் துணியை எடுத்தேனே, அப்போது எல்லோரும் ஒரே குரலாக "அடேயப்பா" என்றார்களே, அந்த நேரம் நான் தரையில் இல்லை. சம்பந்தியம்மாள் ஜெகதாம்பாள் "நம்ம சங்கேதான்!" என்று அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். படுத்திருக்கிற காளை அல்லவா, யாரோ ஒரு பெரியம்மாள் நந்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? குங்குமம் வைத்துக் கும்பிட்டதை இன்னும் கொஞ்ச நேரத்தில் கத்தியால் வெட்டப் போகிறோமே என்று தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. நான் எல்லோர் முகத்தையும் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கத்தியை எடுத்துத் தகப்பனார் கையில் கொடுத்தார். அய்யாக்கண்ணு ஐயா கத்தியும் கையுமாக என்னைப் பார்த்து, "எங்கப்பா வெக்கிறது?" என்று கேட்டார். உருவம் சரியாமல் இருக்க உடம்புக்குள் மூங்கில் குச்சிகள் செருகியிருந்தேன். கழுத்து மட்டும்தான் குச்சி இல்லாத இடம். என் மண்டையில் இருந்தது அது ஒன்றுதான். "கழுத்துல வைங்கய்யா, சுளுவா எறங்கும்" என்றேன். என் வாயால் சொன்னேன், அக்கா. ஒரு குடியானவரிடம், அவர் வளர்த்த காளையின் கழுத்தில் கத்தி வைக்கச் சொன்னேன்.

அந்தச் சிகப்பு எங்கிருந்து வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். உருவம் கட்டுவதென்றால் துண்டு துண்டாகச் சுட்டு, நடுவில் ஜாம் தடவி ஒட்ட வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து ஒட்டினால் ஆனி வெயிலில் பாதி வழியிலேயே வழுக்கிவிடும். கடையில் இருந்தது சிகப்பு ஜாம். வெளியே வெள்ளையாக மூடப் போகிறோம், உள்ளே எந்த நிறமாயிருந்தால் என்ன என்று நினைத்தேன். போட்டோவில் வெளிப்பக்கம்தானே தெரிகிறது? அதையே பார்த்துப் பார்த்துச் செய்தவனுக்கு உள்ளே ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. தலை தட்டில் சாய்ந்து, சூட்டில் இளகிய ஜாம் அவர் விரல்களில் வழிந்தபோது ஜெகதாம்பாள் போட்ட சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்த நேரத்தில் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டு மாற்றினார்களா, இல்லையா? அதை மட்டும் உடனே எழுது.

பஞ்சநாதன்

*

பெரம்பலூர்,
ஆனி 24

பஞ்சநாதனுக்கு,

தட்டு மாற்றவில்லை. அவர்கள் கொண்டுவந்த தட்டைக்கூட மறந்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த நாள் இளையபெருமாள் வந்து வாங்கிக்கொண்டு போனான். பந்தி போட்ட இலை எல்லாம் போட்டபடி கிடந்தது. உன் மாமா என்னோடு பேசுவதில்லை. கண்ணகி கூடத்துப் பக்கமே வருவதில்லை. கேக்கில் மிச்சம் இருந்ததை யாரும் தொட மறுத்துவிட்டார்கள், நாய்க்கு வைக்கவும் மனசு வரவில்லை. கடைசியில் ஒரு காளையைப் புதைக்கிற மாதிரி கொல்லையில் குழி தோண்டி நானே புதைத்தேன். அதை அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம், அதுதான் என் கதை.

கழுத்தில் வைக்கச் சொன்னாயே, உனக்கு அறிவு எங்கே போயிற்று? நாமும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தானே? நம் அப்பா உழவு மாட்டை மிதித்ததற்காக உன்னை ஒரு வேளை பட்டினி போட்டவர். ரயில்வேக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுச் சுட்டு அதெல்லாம் உனக்கு மறந்துவிட்டது. உன் கையில் கொடுத்தது ஒரு பெண்ணின் வாழ்க்கை என்ற நினைப்பு வேண்டாமா?

அந்த அமளியில் நான் என்ன சொன்னேனோ எனக்கே நினைவில்லை. நீ ஏன் அதை எழுத வேண்டும்? இந்த வீட்டில் என் நிலைமை உனக்குத் தெரியாதா?

சம்பந்தி வீட்டிலிருந்து பதில் இல்லை. இளையபெருமாள் போய்ப் பேசுகிறேன் என்றிருக்கிறான். உன் செருப்பு இங்கேதான் இருக்கிறது.

சிந்தாமணி

*

அரியலூர்,
ஆனி 30

அன்புள்ள அக்காளுக்கு,

நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி.

நீ திட்டியதெல்லாம் நியாயம். ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு இல்லை. இங்கேயும் செய்தி வந்துவிட்டது. பஸ்ஸில் வருகிறவர்கள் வாய் சும்மா இருக்குமா? காலையில் பன் வாங்க வந்த ஒருவர், "என்ன பஞ்சநாதா, இன்னிக்கி எந்த மாட்ட அறுத்த?" என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய் மாவுச் சாக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தனம்தான் கல்லாவுக்கு வந்து அவரை அனுப்பினாள். அன்றிலிருந்து ரொட்டியும் பன்னும் மட்டும் போடுகிறேன். ஒருவர் மகனுடைய படத்தைக் கொண்டுவந்து, இது மாதிரி முகம் வைத்து ஒரு கேக் வேண்டும் என்றார். படத்தைக் கையில் வாங்கவே பயமாயிருந்தது. கடை அடுப்பு சரியில்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

நான் நேரே போய் அய்யாக்கண்ணு ஐயா காலில் விழட்டுமா? தனமும் வருகிறேன் என்கிறாள். "மாப்ள வூட்டுப் படியில போயி குந்துவம். வெரட்டுனாலும் போவ வேணாம்" என்கிறாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே புறப்படுகிறோம். கண்ணகி சாப்பிடுகிறாளா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

பஞ்சநாதன்

*

பெரம்பலூர்,
ஆடி 9

அன்புள்ள தம்பிக்கு,

இதை எழுத உட்கார்ந்து மூன்று காகிதம் கிழித்தாயிற்று. எப்படி எழுதினாலும் ஒன்றுதான்.

கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை பிடிவாதமாக இருக்கிறாராம், கண்ணகியைத் தவிர வேறு பெண் வேண்டாம் என்று. அதனால் அவர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள். இளையபெருமாள் போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னான். ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். "அந்தக் கேக்குக்காரன் பந்தல்ல நிக்கக் கூடாது. அவன் மூஞ்சியில முழிச்சிட்டு எங்க பிள்ள தாலி கட்ட மாட்டான்" என்று அய்யாக்கண்ணு ஐயா சொன்னாராம்.

உன் மாமா உடனே ஒத்துக்கொண்டார். என்னைக் கேட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டேன்.

தாய்மாமன் மாலையை இளையபெருமாள் போடுவான். அவனும் தம்பி முறைதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். முறைதான். கண்ணகியிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். உன் கடிதங்கள் வந்ததும் அவள்தான் எனக்கு முன்னே வாசிப்பாள் என்று உனக்குத் தெரியும். தாமரை என்று நீ எழுதியதையும் அவள் வாசித்திருக்கிறாள். பெற்ற பெண் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

நான் என்ன செய்வேன், நீயே சொல். ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு கௌரவம் பார்க்க முடியுமா? நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

உன் அக்காள்
சிந்தாமணி

*

அரியலூர்,
ஆடி 12

அக்கா,

நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று நீயாக எப்படி முடிவு செய்தாய்?

இதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். காளை நீ கேட்டது. நான் தாமரை என்றேன். இரண்டு தடவை கேட்டு வாங்கியது நீ. அன்றைக்குக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவில்லை என்றாய், நான் சொல்கிறேன், கேள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் தாமரதான் செய்யச் சொன்னேன். இவன் தானா இதச் செஞ்சு தூக்கிட்டு வந்திருக்கான்" என்றாய். என் தாமரையையும் நீ எடுத்துக்கொண்டாய். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன்.

கழுத்தில் வைக்கச் சொன்னது என் தப்பு. சிகப்பு ஜாம் என் தப்பு. அந்த இரண்டுக்கும் நான் எங்கே வேண்டுமானாலும் தலை குனிவேன். காளை என் தப்பில்லை.

இளையபெருமாளே மாலை போடட்டும். சீர்த் தட்டைத் தனம் பஸ்ஸில் போட்டுவிடுவாள். எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

பஞ்சநாதன்

*

பெரம்பலூர்,
ஆடி 26

தம்பி பஞ்சநாதனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.

எனக்கு நினைவில்லை என்று எழுதியது பொய். ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது. அன்றைக்கு எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியபோது, பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். நீ பக்கத்தில் நின்றாய், உன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். தாமரை எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. நான் வேண்டாம் என்று தள்ளிய தாமரை, எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டதும் ஓடி வந்துவிட்டது. சீ, என்ன பிறவி நான்!

உன் மாமாவிடமும் அதுவரை அந்தத் தாமரைக் கதையைத்தான் சொல்லி வந்தேன். உன் கடிதம் வந்த அன்று உள்ளதைச் சொன்னேன். அவர் திண்ணையில் போய் உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் பையன நானும் சேந்துல்ல வெரட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வண்டி கட்டச் சொல்லி அவரே கூட வந்தார். ஆடி மாதத்தில், கல்யாணம் பேசிய வீட்டுப் படியைப் பெண்ணைப் பெற்றவள் ஏறினாள் என்று ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

நல்லவேளையாகச் சம்பந்தியம்மாள் செந்துறைக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தாள். அய்யாக்கண்ணு ஐயா மட்டும் களத்து மேட்டில் இருந்தார். காளை அந்தப் பக்கம் கட்டியிருந்தது. நிஜத்தில் இன்னும் பெரியது, தம்பி. ஆனால் முகம் நீ செய்த அதே முகம்தான்.

"நிச்சயத்தன்னிக்கி நான் சொன்னது பொய்ங்க" என்று ஆரம்பித்தேன். "தாமர செய்யிறேன்னு சொன்னவன் அவன். காளதான் வேணும்னு கட்டாயப்படுத்துனது நானு. போட்டோவக் கேட்டு வாங்கி அனுப்புனதும் நானு. உங்கள அசத்தணும்னு எனக்கு ஆசை. நெபந்தன போடுறதா இருந்தா என்னையப் பந்தலுக்கு வராதன்னு சொல்லுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, செஞ்சவன் யாரு, சொன்னவ யாருன்னு நான் ஒரு நாளும் யோசிக்கல. வெட்டுனவன் நான்தான? கத்தியக் கையில குடுத்ததுமே எனக்கு வேணாம்னு இருந்துச்சி. நெத்தியில குங்குமம் இருக்கு, எம் மாட்டு மொகம் அப்புடியே இருக்கு. ஆனா அத்தன பேரு பாத்துகிட்டு நிக்கிறாங்க. மவன் ஆபீஸுல உள்ளவன். மாட்டேன்னா பட்டிக்காட்டான்னு நெனப்பாங்களோன்னு வெக்கம். எங்க வெக்கிறதுன்னு உங்க தம்பியக் கேட்டேன் பாருங்க, அவனாச்சும் வேணாம்பான்னு ஒரு நப்பாச. அவன் கழுத்துன்னான். வெச்சிட்டேன். இப்ப இது பக்கத்துல போயி கழுத்தத் தடவிக் குடுக்க முடியல. தீனி வெக்கக்கூட ஆள விட்டிருக்கேன். உங்க தம்பி மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அவன் மூஞ்சியப் பாத்தா எங் கை நெனப்புக்கு வருது. அதுக்காவத்தான் வரப்புடாதுன்னேன்."

பரிசு வாங்கிய காளைக்காரர், ஊர்ப் பெரிய மனிதர், அப்படி மனம் விட்டுப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை. உன் மாமா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் சொன்னார்: "அவன் வரட்டும். மாமங்காரன் இருக்கயில வேற யாரு மால போடுறது? எனக்கு எதுக்க மட்டும் வந்து நிக்க வேணாம், கொஞ்ச நாள் போவட்டும். ஒண்ணு, நீங்க இப்ப சொன்னது எம் பொஞ்சாதி காதுல விழ வேணாம். நாளைக்கி உங்க பொண்ணு அவகிட்டதான் குடுத்தனம் பண்ணணும்."

அவரிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. பொய்யை அத்தனை பேர் முன்னால் சொன்னேன், நிஜத்தை ஒருவர் காதில் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு என்ன யோக்கியதை? நீ வா, தம்பி. முகூர்த்தத்துக்கு முன்னால், இரண்டு வீட்டாரும் கூடியிருக்கும்போது நானே வாய் திறந்து சொல்லிவிடுகிறேன். ஜெகதாம்பாள் கேட்டால் கேட்கட்டும். நீ வந்தால்தான் எனக்கு அதற்குத் தைரியம் வரும்.

கண்ணகி இளையபெருமாளைக் கூப்பிட்டு, "மொறக்கி நீங்க பக்கத்துல நில்லுங்க மாமா, மாலைய மட்டும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவனும் சரி என்றான். நீ வராவிட்டால் மாலை தட்டில்தான் கிடக்கும்.

உன் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிற
சிந்தாமணி

*

அரியலூர்,
ஆடி 30

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. தனத்திடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு அழுதாள், அப்புறம் எனக்குப் புது வேட்டி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனாள். ஆக, நான் வருகிறேன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். நீ அந்தக் களத்து மேட்டில் போய் நின்று, நான் சொன்னது பொய் என்று சொன்ன இடத்தை வாசித்தபோது எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நன்றாகத் தலை குனியட்டும் என்று இருந்தது. அதற்காகவே அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போதுதான், ஆடி வெயிலில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நீ நின்றது கண்ணில் தெரிந்தது. சின்ன வயதில் நான் செய்த சேட்டைகளுக்கெல்லாம் அப்பா முன்னால் நீதான் அப்படி நிற்பாய். உன் அவமானத்தில் சந்தோஷப்பட்ட என்னை நினைத்தால், கழுத்தில் வைக்கச் சொன்னதைவிட இது கேவலமாயிருக்கிறது.

அய்யாக்கண்ணு ஐயா என்னிடம் ஏன் கேட்டார் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் என் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தலில் அவர் எதிரே வராமல் பார்த்துக்கொள்கிறேன். அவராக என்றைக்குக் கூப்பிடுகிறாரோ அன்றைக்குப் போகிறேன்.

நீ சபையில் ஒன்றும் சொல்ல வேண்டாம். இது கோபத்தில் எழுதுவதில்லை. கண்ணகி நாளைக்கு ஜெகதாம்பாளின் அடுப்பங்கரையில் நிற்கப் போகிறவள். பொய் சொன்னவள் மகள் என்று ஒரு சொல் அங்கே விழுந்தால், அது அவள் பிள்ளை பெற்று அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் விடாது. நான் ஆண்பிள்ளை, கல்யாணம் முடிந்து பஸ் ஏறிவிட்டால் என் பாட்டுக்கு என் கடை. கேக்குக்காரன் தானாகச் செய்துகொண்டு வந்தான் என்றே இருக்கட்டும். நானும் அப்படியே வந்து நிற்கிறேன். உனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், என் மருமகளுக்குத் தெரியும். எனக்கு வேண்டியவர்கள் அவ்வளவு பேர்தான்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் முதல் பஸ்ஸில் தனமும் நானும் வருகிறோம். மாலையை இங்கேயே கட்டச் சொல்லியிருக்கிறேன்.

பந்தலுக்குள் நான் நுழைந்ததும் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காதோடு காதாகப் பேசுவார்கள், ஒன்றிரண்டு பேர் சிரிப்பார்கள். அதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் வரச் சம்மதித்தேன். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் வேலை இருக்கிற மாதிரி நீ உள்ளே போய்விடாதே. என் பக்கத்தில் வந்து நில், அக்கா. இன்னொரு தடவை தனியாக நிற்க என்னால் முடியாது.

தம்பி
பஞ்சநாதன்